மாப்பிள்ளைக்குத் தகுந்த நாற்காலி

கனத்த தேக்கு நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வரும். நீ கேட்டிருக்க மாட்டாய். உங்கள் வீடுகளில் எல்லாம் ஒற்றை விரலால் தூக்குகிற சாமான்கள். இது அப்படியில்லை. சினைமாடு முனகுகிற மாதிரி அடியிலிருந்து ஆரம்பிக்கும். கதவுநிலையில் ஒரு தடவை முட்டி நிற்கும். பிறகு கூடத்துக்கு வந்ததும் நீளமாக ஒரு கீறல். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பெரியக்காள் மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார். உள்ளே அப்பா, தானே குனிந்து, நாற்காலியை இழுக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து உள்ளே போனோம். யாரும் போகச் சொல்லவில்லை. சத்தமே சொல்லிவிட்டது.

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன்? வண்டி திருநெல்வேலியில் புறப்பட்டதிலிருந்து உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, தோளைக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டு, தலையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு. ஆமை ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. அதை மூடு தாயி. நான் மதுரையில் இறங்கிவிடுவேன். அப்புறம் சென்னை வரைக்கும் தட்டிக்கொண்டே போ. நீ என்று கூப்பிடுவதில் வருத்தமில்லையே? என் மகள் கோமதியைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாய். என் மாப்பிள்ளைக்கும் இப்படித்தான், கழுத்தில்தான் ஆரம்பித்தது. கடைசியில் வலது கையில் வந்து முடிந்தது.

என் பெயர் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் வீடு. பி.ஏ. இலக்கியம் படித்தவள். அந்தக் காலத்து பி.ஏ. பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாத மாமியார் ஒருத்தி மாப்பிள்ளையைப் பற்றிப் புலம்புகிறாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளையை நான் குறை சொல்லவே இல்லை. குறை சொல்ல அவரிடம் ஒன்றும் கிடையாது. எனக்கு அருவருப்பெல்லாம் மற்றதன்மேல்தான். அவர் வாங்கிப் போட்ட அந்தச் சக்கர நாற்காலிமேல். அதை விற்றவன்மேல். வாயிருந்தும் பேசத் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகள்மேல்.

மாப்பிள்ளை பெயர் பிரம்மநாயகம். தூத்துக்குடிக்காரர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கோமதி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான பிறகும் அவர் அங்கே, இவள் இங்கே. அப்புறம் கம்பெனிக்காரன், எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் காலமாகி நானும் கோமதியும் மட்டும் இருந்த வீடு.

மாப்பிள்ளை வந்து மாமியார் வீட்டில் தங்குவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? சிரிக்கிறாய். உனக்குத் தெரியாது. விருந்துக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனால் அவர் ராஜா. அதற்குமேல் தங்கினால் ‘வீட்டோட மாப்பிள்ளை’. தெருவில் ஒரு வாய் அதைச் சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதன் தலைநிமிர்ந்து கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. அதனால் அவர் பெட்டியை இறக்கி வைத்த அன்றைக்கே நான் முடிவு செய்துகொண்டேன். மரியாதையில் ஒரு குன்றிமணி குறையக் கூடாது. அவர் கூடத்தில் இருந்தால் நான் உட்கார்ந்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. எதுவானாலும் கோமதியை விட்டுத்தான் கேட்பது. ‘மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு.’ அவரும் அப்படித்தான். ‘போதும்னு அத்தைகிட்ட சொல்லு.’ நான் அடுக்களை நிலைக்குப் பின்னால் நிற்கிறேன், அவர் இந்தப் பக்கம் இலையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் கோமதி. அவளுக்குச் சலிப்பு. ‘ரெண்டு பேரும் என்னைய டெலிபோன் வயராட்டம் ஆக்கிட்டீங்க’ என்பாள்.

வந்த வாரமே அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. வாசலை அடைத்துக்கொண்டு. பிரித்தால் உள்ளே ஒரு நாற்காலி, துண்டு துண்டாக. அதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது, பொய் சொல்லவில்லை. முதுகுக்கு வலை, கொசுவலை மாதிரி. காலுக்குச் சக்கரம். சக்கரம் வைத்த நாற்காலி ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கும்? அப்புறம் ஒரு மேஜை, சுவிட்சைப் போட்டால் தானாக ஏறி இறங்குகிறது. எழுத்தைத் தட்டுகிற பலகை இரண்டு துண்டாக வந்திருந்தது. ‘வர்ற வழியிலே உடைஞ்சிட்டுதாட்டி?’ என்று கோமதியிடம் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுவே அப்படித்தானாம், வலதுகைக்கு ஒன்று, இடதுகைக்கு ஒன்று. காலை வைத்துக்கொள்ளச் சாய்வாக ஒரு கட்டை வேறு.

‘எதுக்குட்டி இதெல்லாம்?’

‘அவருக்கு ஏற்கனவே கழுத்து எலும்புக்கு நடுவிலே ஜவ்வு தேஞ்சிருக்கும்மா. மெட்ராஸ் டாக்டர் சொல்லித்தான் வாங்கியிருக்காரு. ஒழுங்கா உக்காரலேன்னா நரம்பை அழுத்தி கை மரத்துப் போயிருமாம்.’

முப்பத்தாறு வயசுப் பிள்ளைக்கு என்ன எலும்பு, என்ன ஜவ்வு? டாக்டருக்கும் கடைக்காரனுக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை விஷயம்.

ஆனால் அவர் அதைப் பூட்டின விதம் இருக்கிறதே. கூடத்தின் நடுவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலில் நின்று, ஸ்பேனரும் கையுமாக. வாசல்கதவு திறந்து கிடக்கிறது. எதிர்வீட்டுப் பாப்பா அக்காள் படியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டாள், ‘என்ன வடிவு, மாப்பிள்ளைக்கு நம்ம ஊர்லயே தச்சு வேலை கெடைச்சிட்டு போலிருக்கே?’ எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கதவைச் சாத்தினேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்காதது போலத் திருகிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்.

பூட்டி முடித்ததும் அரைநாள் அளவெடுத்தார். உட்கார்ந்து பார்ப்பார், எழுந்து ஒரு இழுப்பு இழுப்பார், மறுபடி உட்காருவார். முழங்கை மேஜைக்குச் சமமாக இருக்க வேண்டுமாம். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வேண்டுமாம். பாதம் இரண்டும் பதிந்திருக்க வேண்டுமாம். ‘கோமு, வெளிச்சம் பக்கவாட்டிலே இருந்து விழணும், மேஜையை ஜன்னலோரம் போட்டுக்கிடலாமான்னு அத்தைகிட்ட கேளு.’ கைக்கெட்டும் தூரத்தில்தான் நான் நிற்கிறேன். ‘தாராளமாப் போட்டுக்கிடச் சொல்லு’ என்றேன். பார்த்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஜன்னலோரத்தில்தான் போட்டார்.

கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. அந்தச் சக்கரச் சத்தம்தான் எனக்கு ஆகவில்லை. கறக் கறக்கென்று, பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. அரைமணிக்கொருதரம் போனில் ஒரு மணி அடிக்கும். உடனே எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி முறிப்பார். பனியன் மேலே ஏறி வயிறு தெரியும். அக்குளில் ஈரம். கழுத்தை இந்தப் பக்கம் ஒரு உருட்டு, அந்தப் பக்கம் ஒரு உருட்டு. கீரைக்காரி வருகிறாள், பாப்பா அக்காள் வருகிறாள், பால்கணக்குக்காரன் வருகிறான், எல்லார் முன்னாலும். சீ. நான் கோமதியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். ‘நாலு பேர் வந்து போற இடம்டி. மாப்பிள்ளையை யாரும் ஒண்ணு சொல்லிரக் கூடாது பாரு.’ அவள் என்ன சொன்னாளோ, மறுநாளிலிருந்து மணி அடிக்கவில்லை. கேட்டபடி நடக்கிற மாப்பிள்ளை அபூர்வம், இல்லையா? அவர் எழுந்திருக்க வேண்டிய தேவையே இல்லாதபடி நானும் பார்த்துக்கொண்டேன். காபி, பதினோரு மணிக்கு மோர், சாப்பாடு, மறுபடி காபி, பஜ்ஜியோ சுண்டலோ, எல்லாமே மேஜைக்குப் போய்விடும். வெள்ளி டம்ளரில்.

கோவில்பட்டி. மிட்டாய்க்காரன் கூடையை உன் தலைமேலேயே இறக்கிவிடுவான் போலிருக்கிறது. தள்ளி உட்கார்.

எங்கே விட்டேன்? ஆவணியில் மாப்பிள்ளையின் அம்மா, சிவகாமி மதினி, வருகிறாள் என்று சேதி வந்தது. மகன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக வருகிறாள். அதற்குமுன் போனில் இரண்டு தடவை குத்திக்காட்டிவிட்டாள். ‘எங்க வீட்ல இல்லாத இடமா உங்க வீட்ல இருக்கு’ என்று. அவள் கண்ணால் அந்த இடத்தைப் பார்த்தேன். பெற்று வளர்த்த மகன் ஒரு கொசுவலையில் சாய்ந்துகொண்டு, கட்டையில் கால் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் ரிசர்வ் செய்கிறவன் மாதிரி இருக்கிறான். பார்த்ததும் அவள் என்ன நினைப்பாள்? மாப்பிள்ளைக்கு ஒரு ஒழுங்கான இருக்கை கொடுக்க வக்கில்லாத வீடு என்று நினைப்பாளா இல்லையா? நீயே சொல்.

அரங்கில், அதுதான், சாமான் போட்டு வைக்கிற உள்ளறையில், என் வீட்டுக்காரரின் நாற்காலி இருந்தது. என் கல்யாணச் சீரில் எங்கப்பா கொடுத்தது. தேக்கு. கை வைக்கிற இடத்தில் யாளி முகம். அவர் இருந்த மட்டும் அவர் ஒருவர்தான் அதில் உட்கார்ந்தார். அவர் போன பிறகு யாரும் உட்காரவில்லை. அதை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் சும்மா இல்லை. என்னிடம் அதைவிடப் பெரிதாகக் கொடுக்க ஒன்றும் கிடையாது. அவருடைய ஆபீஸ் மேஜையும் இருந்தது, டிராயர் வைத்தது, கொஞ்சம் உயரமானது. மாப்பிள்ளை ஏதோ சிம் கார்டு வாங்க டவுனுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தெருவில் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். தேக்கு நாற்காலி வெளியே வந்தது, சக்கர நாற்காலி அரங்குக்குப் போனது. ஏறி இறங்குகிற மேஜையும்தான். இலவம்பஞ்சுத் திண்டுக்குப் புது வெல்வெட் உறை தைத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை வந்தார். நின்றார். நான் நிலைக்குப் பின்னாலிருந்து பார்க்கிறேன். யாளியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

‘கோமு, ரொம்ப நல்லாருக்குன்னு அத்தைகிட்ட சொல்லு.’

என் காதால் கேட்டேன். இப்போது கோமதி, அவர் அப்படியா சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்று என்னோடு வழக்காடுகிறாள். குரல் என்ன குரல்? சொல்தானே கணக்கு.

மதினி வந்தாள். நேராகக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ‘எம் பிள்ளையை ராசாவாட்டம் உக்கார வச்சிருக்கீகளே மதினி! இவங்க அப்பா உக்காந்து நான் பாத்ததில்ல இப்படி.’ எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன்னைப் போலப் பிள்ளைகளுக்கு இது புரியாது. சம்பந்தி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவதற்கு ஒரு ஆயுள் வேண்டும்.

அவள் ஊருக்குப் போனதும் கோமதி கேட்டாள், ‘அவரு சேரை எடுத்துப் போட்டுருவோமாம்மா?’

‘மதினி அடுத்த வாட்டி வந்து பாத்தா என்ன நினைப்பா? அதோட மாப்பிள்ளைதான் நல்லாருக்குன்னு சொன்னாரே. வேணும்னா நீயே கேளு.’

அவள் கேட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘இருக்கட்டும். அத்தை ஆசையாப் போட்டிருக்காங்க.’ இதற்குமேல் என்ன வேண்டும்?

சரி, நாற்காலியின் கைகள் அகலம். மேஜைக்கு அடியில் போகாது. அதனால் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டியிருந்தது. அதனால் என்ன, என் வீட்டுக்காரர் அதே நாற்காலியில் இருபது வருஷம் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார், ஒரு நாள் கழுத்தைத் தடவினதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் மனத்தாங்கல் வரப் பார்த்தது. அதையும் அவரிடம் சொல்லவில்லை. திரையை உயர்த்துகிற ஏதோ கம்பி, பழைய மேஜையோடு அரங்குக்குப் போய்விட்டதாம். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், அலமாரியிலிருந்து தடிப் புத்தகங்களை எடுத்து அடுக்கி, அதன்மேல் திரையை வைத்திருக்கிறார். என்னுடைய கல்லூரிப் புத்தகங்கள். ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்தவை. வெள்ளிக்கிழமை பூப்போட்டுக் கும்பிடுகிற அலமாரி அது. சரஸ்வதியின் தலையில் மிஷினைத் தூக்கி வைத்தால் எனக்கு எப்படியிருக்கும்? ஆனாலும் அவர் எழுந்து குளிக்கப் போகிற வரைக்கும் காத்திருந்தேன். போனதும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, துடைத்து, அலமாரியில் வைத்தேன். திரை மேஜைமேல் இறங்கிவிட்டது. அவர் வந்து பார்த்தார். உட்கார்ந்தார். தலையைக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்ததும் வீடு முழுக்கத் தைல நாற்றம். அதைச் சொன்னால் இப்போதும் எனக்கு மூக்கு அரிக்கிறது. பூஜையறை வரைக்கும் தைலம். சாம்பிராணி போட்டாலும் போகாது. திண்டின் வெல்வெட்டில் எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலத்துக்கு. ஒரு நாள் நான் காபியை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், பின்னால் டணார் என்று டம்ளர் விழுகிறது. கையிலிருந்து நழுவிவிட்டது. காபி யாளி முகத்தில் வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது. மாப்பிள்ளை சட்டென்று குனிந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை! தரையை! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். இந்தக் காட்சியை நான் பார்த்ததாகவே இருக்கக் கூடாது என்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம். கோமதி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். நான் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மாப்பிள்ளை, நிலைப்படிக்கு அந்தப் பக்கம். நான் பதறி எழுந்தேன், கீரையெல்லாம் மடியிலிருந்து சிதறியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

‘அத்தை,’ என்றார். என்னிடம் நேராகப் பேசினது அதுதான் முதல் தடவை. ‘நான் கொஞ்ச நாளைக்குத் தரையிலே உக்காந்து வேலை பாத்துக்கிடட்டுமா? சுவத்துலே சாஞ்சுக்கிட்டு?’

யோசித்துப் பார். மாப்பிள்ளை, என் வீட்டில், தரையில்.

‘வேண்டாம் மாப்பிள்ளை,’ என்றேன். ‘நான் உசிரோட இருக்கும்போது அந்தக் கொறை வர வேண்டாம். தயவு செஞ்சு.’ கும்பிட்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவர் பதறிப்போனார். ‘ஐயோ, அழாதீங்க அத்தை. சும்மாதான் கேட்டேன்,’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி ஒரு தடவை முனகியது.

இதை நான் கோமதியிடம் பெருமையாகச் சொன்னேன். இவ்வளவு பணிவுள்ள பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று. அவள் எழுந்து போய்விட்டாள். டீச்சர் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு முகமே கடுகடுவென்று ஆகிவிட்டது.

சாத்தூர் போய்விட்டதா? நான் கவனிக்கவில்லை. இந்த எதிர்சீட்டு மனிதரைப் பார், காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு பாதத்தைச் சொறிகிறார். யாருக்கும் எதுவும் கூசுவதில்லை இப்போது.

கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று ஆனபிறகுதான் டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்களாம். கழுத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, பழைய தேய்மானம், மாதக்கணக்காகக் குனிந்து குனிந்து முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ‘எப்படி உட்கார்ந்து வேலை பார்க்கிறீங்க?’ என்று கேட்டாராம். மாப்பிள்ளை சொன்ன பதிலைக் கேள்: ‘வீட்ல எனக்கு எல்லா வசதியும் செஞ்சு குடுத்திருக்காங்க டாக்டர்.’

டாக்டரிடமே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஒரு மாமியாருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா? அதைச் சொல்லும்போது கோமதி ஏன் அப்படி அழுதாள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அழுதுகொண்டே அரங்குக்குள் போனாள். அந்தச் சக்கர நாற்காலியை இழுத்து வெளியே போட்டாள். ஐயோ, அதைச் சொல்லக் கூடாது, நீ ஏதாவது சாப்பிட்டிருப்பாய். எலி அந்த வலையைக் குதறி உட்காருகிற மெத்தைக்குள் கூடு கட்டியிருந்தது. உள்ளே குஞ்சுகள், கண் திறக்காமல், ரோஸ் நிறத்தில், சுண்டுவிரல் துண்டுகளைக் கொட்டினதுபோல நெளிகின்றன. மூத்திர நெடி முகத்தில் அடித்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘தூக்கித் தெருவிலே போடுட்டி’ என்றேன்.

‘இதை எதுக்கு வாங்கினாருன்னு உனக்குத் தெரியும்மா. நான் சொல்லியிருக்கேன்.’

‘வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கென்ன, அவரைப் பிடிச்சா கட்டி வச்சேன்?’

‘கேட்டாரே. தரையிலே உக்காரட்டுமான்னு கேட்டாரே.’

‘நாற்காலியைக் கேக்கலையே. தரையைத்தானே கேட்டாரு.’

நான் சொன்னதில் என்ன தப்பு? அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லூரியில் எத்தனையோ படித்திருக்கிறேன், அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. சாக்கடையில் விழுந்து கிடக்கிற எதையோ பார்ப்பார்கள் பார், அப்படி. பெற்ற தாயை.

எலிக்குஞ்சுகளை முறத்தில் வாரி வெளியே கொண்டுபோனாள். திரும்பி வந்து வாளியில் சோப்புத்தண்ணீர் கரைத்து அந்த நாற்காலியைத் தேய்த்தாள், சாயங்காலம் வரைக்கும். மாப்பிள்ளை உள்ளேயிருந்து, ‘விடு கோமு, அத்தை மனசு கஷ்டப்படும்,’ என்று சொல்வது கேட்டது. படுத்திருந்தார். அப்போது அவரால் எந்த நாற்காலியிலும் உட்கார முடியாது.

மதுரையில்தான் ஆபரேஷன். சிவகாமி மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னைக் கேட்டாள், ‘எம் பிள்ளையை என்ன செஞ்சீக மதினி?’ ராசாவாட்டம் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று சொன்ன அதே வாய். எனக்கு வெறுத்துப்போனது. மனிதர்களுடைய வாயே எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது. சாப்பிடுகிற நேரத்தில்கூட யார் வாயையும் பார்ப்பதில்லை. ‘உங்க பிள்ளைக்கு நான் என்ன குறை வச்சேன், அவரையே கேளுங்க’ என்றேன். அவரைக் கேட்டார்கள். கழுத்தில் பட்டை கட்டிப் படுத்திருந்தவர், ‘அத்தை மேல ஒரு தப்பும் இல்லம்மா’ என்றார். கேட்டாயா? அவர் வாயாலேயே.

அப்புறமும் கோமதி தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். காலையில் எழுந்தால் கூடத்தில் ஒரு சத்தம் கிடையாது. காபி போட்டால் ஒரு டம்ளர்தான் போடுகிறேன், சில நாள் மறந்து இரண்டு போட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ‘சாப்டியா, மாத்திரை போட்டியா’ என்பாள். ‘மாப்பிள்ளை எப்படி இருக்காரு?’ என்று கேட்டால், ‘இருக்காரு’ என்பாள். வைத்துவிடுவாள்.

இதுதான் விஷயம். நீ என்னவோ கேட்க வாயெடுக்கிறாய், எனக்குத் தெரியும். எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். நான் அந்தச் சக்கர நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தேனா என்று. இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் மாமியார் உட்காருவாளா? என்ன பேச்சு இது.

திருமங்கலம் தாண்டிவிட்டது. என் பையை எடுத்துக் கொடு, அந்த மஞ்சள் பை. என் தம்பி மகள் கல்யாணம், நாளைக்கு முகூர்த்தம். கோமதி தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். என் பக்கத்தில் உட்காருகிறாளா, தள்ளி உட்காருகிறாளா, பார்க்க வேண்டும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று தம்பி எத்தனையோ தடவை கூப்பிட்டான். வரமாட்டாராம். அவர் வேலையை விட்டாயிற்று. வலது கையில் பிடி திரும்பவில்லை. பந்தியில் உட்காருவதில்லை. வீட்டில் இடது கையால், கரண்டி வைத்துச் சாப்பிடுகிறார்.